கண் துயின்ற அன்னையைப் பாடும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் கவிதைப் பக்கத்தை நான் நெடுநாளாக வாசித்து வருகிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாக அதை எனக்காக மட்டுமன்றி, எழுத்தை வாசிக்கும் பார்வையை இழந்துவிட்ட என் தாயாருக்காகவும் சேர்த்து உரக்க வாசிக்கிறேன். தாயோ தந்தையோ பார்வை இழப்பதைப் பற்றிய கவிதைகள் அப்பக்கத்தில் இப்போது அடிக்கடி இடம்பெறுகின்றன. அப்படிப்பட்ட கவிதைகள் எழுதப்படுவதும், அவற்றுக்குத் தாங்கள் இடம் ஒதுக்குவதும் எனக்கு மனநிறைவைத் தருகின்றன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குறையை முதலில் கண்டவர் நான் அல்லேன், என் தாயார்.

சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பார்வை இழந்த தாயைப் பற்றி மகன் எழுதிய கவிதை ஒன்றை அவருக்கு வாசித்தேன். தாயின் கண்கள் அணைந்த விளக்குகள் என்றும், அவர் வாழ்வது விடியாத இரவு என்றும், அந்த இரவின் கரையில் நின்று தான் அழுதுகொண்டிருப்பதாகவும் மகன் எழுதியிருந்தார். சொற்கள் நன்றாகவே இருந்தன. வாசிக்கும்போது என் குரலும் சற்றுத் தழுதழுத்தது. அம்மா கேட்டு முடித்துவிட்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் கேட்டபின், "அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு அந்தப் பிள்ளை எழுதவே இல்லையே?" என்று கேட்டார். நான் தாளைத் திரும்பப் பார்த்தேன். முப்பது வரிகளுக்கு மேல் நீண்ட கவிதையில் அந்தத் தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு பொருளையும் தொடவில்லை. எழுந்து ஓரடி நடக்கவும் இல்லை. ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பேசியவர், நடந்தவர், நினைத்தவர், அழுதவர் எல்லாம் மகனே.

அதன் பிறகு, சேர்த்து வைத்திருந்த பழைய இணைப்புகளை எடுத்து இதே பொருள் பற்றிய கவிதைகளைத் தேடிப் படித்தேன். என் தாயார் சுட்டிய குறை அவற்றில் பலவற்றுக்கும் பொருந்துவதைக் கண்டேன். பார்வை போனதோடு அந்தப் பெற்றோருடைய வாயும் போய்விட்டதைப் போலவே நம் கவிஞர்கள் எழுதுகிறார்கள்.

நம் மொழியின் பழங்கவிதை இப்படி இல்லை. புறநானூற்றின் 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் தம் குடும்பத்தின் வறுமையை வள்ளல் குமணனிடம் எடுத்துச் சொல்கிறார். மனைவியின் பசியையும் பிள்ளையின் பசியையும் சொல்வதற்கு முன்பாக, பாடலின் தொடக்கத்திலேயே தம் தாயை நிறுத்துகிறார். அந்தத் தாய் பாட்டுக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு நுழைகிறார். வாழ்ந்த ஆண்டுகள் பலவாகிவிட்டன, என் உயிர் இன்னும் போக மாட்டேன் என்கிறதே என்று பலவாறு சலித்துக்கொள்கிறார். பிறகுதான் அவருடைய நடை வருகிறது: கோலையே காலாகக் கொண்டு, சிறு சிறு அடிகளாகப் பலமுறை எடுத்து வைக்கும் நடை. அடுத்து, நூலை விரித்தாற்போன்ற நரைத்த கூந்தல். அதற்கும் பின்னர்தான் கண். "கண் துயின்று முன்றில் போகா முதிர்வினள் யாயும்" என்று அதை முடித்துவிடுகிறார்.

"கண் துயின்று" என்பது பார்வை மங்கிப்போனதையே குறிக்கிறது என்று நான் கொள்கிறேன். கண் உறங்கிவிட்டது, தாய் விழித்திருக்கிறார். குருடு என்றோ இருட்டு என்றோ சொல்லாமல், அழியாத உடலில் ஓர் உறுப்பு மட்டும் தூங்கப் போய்விட்டதைச் சொல்லும் அந்த இரண்டு சொற்களை நான் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது "முன்றில் போகா" என்பது. பார்வை போனதால் என்ன ஆயிற்று? உலகம் இருண்டது என்று புலவர் சொல்லவில்லை. வீட்டு முற்றத்துக்கு அவர் போவதில்லை என்கிறார். ஒரு மூதாட்டியின் உலகம் எவ்வளவு தூரம் சுருங்கியது என்பதை அடியால் அளந்து சொல்லிவிடுகிறார். அருகில் இருந்து பார்த்த மகனால் மட்டுமே எழுதக்கூடிய வரி அது. மகனின் கண்ணீர் அங்கே எங்கும் இல்லை. இருந்தும் அந்த மகன் தன் தாயை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறான் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்றைய கவிதைகளில் இந்தக் கவனம்தான் குறைகிறது. பார்வையிழப்பு என்றாலே இருள் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் பார்வை குறைந்தவர்களில் பெரும்பாலோர் காண்பது கருமை அன்று. கண்புரை வளர்ந்தவருக்கு உலகம் புகைபடிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கி, மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரியும். நீலம் மெல்ல மெல்லக் கைவிட்டுப் போகும். கண் அழுத்த நோய் உள்ளவருக்கு ஓரங்கள் முதலில் போகும்; நடுவில் உள்ளது நன்றாகத் தெரிவதால், பெருமளவு போய்விட்ட பிறகே அவர் அதை உணர்வார். கண்புரையை அறுவை சிகிச்சையால் நீக்கிப் பார்வையை மீட்கலாம். கண் அழுத்த நோயால் போனதை மீட்க முடியாது. ஒன்று காத்திருக்கும் துயரம், மற்றொன்று திரும்பாத துயரம். கவிதையில் இரண்டும் ஒரே "விடியாத இரவு" ஆகிவிடுவது சரியா?

அர்ஜென்டினாவின் எழுத்தாளர் போர்ஹெஸ் 1955இல் தம் நாட்டின் தேசிய நூலகத்துக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டபோது, நூல்களை வாசிக்கும் பார்வையை இழந்திருந்தார். அவருடைய தந்தையும் பார்வை இழந்தவரே. ஆகவே மகனாக இருந்தும் அவர் இதை அறிவார், தாமே அடைந்தும் அறிவார். பார்வையற்றவர் கருமைக்குள் வாழ்வதாகப் பிறர் எண்ணுவது தவறு என்றும், தமக்குக் கருமையே கிடைக்காமல் போய்விட்டது என்றும், பச்சையும் நீலமும் கலந்தாற்போன்ற ஒளிமூட்டத்தில்தான் தாம் வாழ்வதாகவும், மஞ்சள் நிறம் மட்டும் தம்மை விட்டுப் போகவில்லை என்றும் அவர் 1977இல் ஓர் உரையில் சொன்னார். இருட்டே வேண்டியிருக்கிறது, இருட்டுதான் கிடைக்கவில்லை என்று பார்வையற்ற ஒருவர் சொல்லும்போது, நாம் வழக்கமாக எழுதும் உவமைகளை ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது.

என் தாயாருக்கு வந்தது விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய். அதில் நேராகப் பார்க்கும் இடம்தான் மறையும்; ஓரங்கள் தங்கும். முகத்தை நோக்கினால் முகம் இருக்காது. தோளும், தோளுக்குப் பின்னால் உள்ள சுவரும் தெரியும். இது எங்களுக்குத் தெரியாத காலத்தில், என்னோடு பேசும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் எனக்கு அப்பால் எங்கோ பார்த்துப் பேசத் தொடங்கினார். ஏதோ மனத்தாங்கல் என்று எண்ணி நானும் சில வாரங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கடைசியில் கேட்டேவிட்டேன். "நேரா பார்த்தா நீ மறைஞ்சு போயிடற. கொஞ்சம் தள்ளிப் பார்த்தாத்தான் கொஞ்சமாவது தெரியற" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நான் நினைத்தது, என்னைக் காண அவர் எடுத்த முயற்சி. இதில் ஒரு கவிதை இருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது. எழுதும் ஆற்றல் எனக்கு இல்லை. ஆற்றல் உள்ள கவிஞர்கள், தங்கள் வீட்டில் இப்படி நடப்பவற்றை விட்டுவிட்டு அணைந்த விளக்கைத் தேடிப் போவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவர் வாசற்கதவின் நிலை வளைந்திருக்கிறது என்றார். நான் நிலையின் மேல் கையை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவிக் காட்டி, நேராகத்தான் இருக்கிறது என்று சாதித்தேன். மறுநாளும் சொன்னார், மறுநாளும் மறுத்தேன். நேர்கோடுகள் நெளிந்து தெரிவது அந்நோயின் தொடக்க அடையாளங்களுள் ஒன்று என்பதும், உடனே கண் மருத்துவரிடம் போயிருக்க வேண்டும் என்பதும் பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கதவைப் பற்றி நான் சொன்னது சரி. தம் கண்ணைப் பற்றி அவர் சொன்னதுதான் எங்களுக்கு வேண்டியிருந்த உண்மை. அதை நான் கேட்கவில்லை. கவிதையில் பெற்றோரின் பேச்சுக்கு இடம் வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொல்வதைக் கேட்டு எழுதியதற்கு ஒரு நல்ல சான்று 18ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்கை அறிஞர் சார்லஸ் போனே, கண்புரையால் பார்வை பெரிதும் குறைந்த தம் பாட்டனார், எதிரே இல்லாத மனிதர்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் காண்பதாகச் சொன்னதை நம்பி, பொறுமையாகக் கேட்டு 1760இல் பதிவுசெய்தார். பாட்டனாருக்கு அறிவில் எந்தக் கலக்கமும் இல்லை. காண்பவை உண்மையல்ல என்பது அவருக்கே தெரியும். பார்வை குறைந்தவர்கள் பலருக்கு இப்படிக் காட்சிகள் தோன்றுகின்றன. மருத்துவத்தில் அந்நிலைக்குப் போனேயின் பெயரே வழங்குகிறது. என் தாயாரும் சுவரில் பூக்கொடிகள் படர்ந்து போவதைக் கண்டிருக்கிறார். பித்துப் பிடித்ததென்று நாங்கள் நினைத்துவிடுவோமோ என்று அஞ்சி, ஓராண்டு வரை யாரிடமும் சொல்லவில்லை. வெறும் சுவரில் தமக்கு மட்டும் பூக்கும் கொடியை ஓராண்டு மறைத்து வைத்திருந்த ஒரு முதியவரைப் பற்றித் தமிழில் எத்தனை கவிதைகள் எழுதலாம்! கேட்டால்தானே சொல்வார்கள்.

குறுந்தொகையின் 44ஆம் பாடலையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். வெள்ளிவீதியார் பாடியது. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடி அலையும் வளர்ப்புத்தாய் அதில் பேசுகிறாள். கால்கள் நடை தளர்ந்தன என்று சொல்லிவிட்டு, "கண்ணே நோக்கி நோக்கி வாள் இழந்தனவே" என்கிறாள். வாள் என்றால் ஒளி. எதிரே வருபவர்களை எல்லாம் பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்தது. வானத்து மீன்களைவிட அதிகமாக மனிதர்கள் வருகிறார்கள், அவர்கள் எல்லாரும் பிறர். நோயால் வந்த பார்வையிழப்பு அன்று இது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் கண் நிலையை அறிந்த பிறகு இந்தப் பாடல் எனக்கு வேறுவிதமாகக் கேட்கிறது. உலகம் முழுவதும் ஓரத்தில் தெரிந்துகொண்டிருக்க, வேண்டிய ஒரு முகம் மட்டும் நடுவில் இல்லாமல் போவது எப்படிப்பட்ட துயரம் என்பதை அந்த மூன்றாம் நான்காம் அடிகள் அப்படியே சொல்கின்றன. இதையும் ஒரு தாய் தன் வாயால் சொல்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பெருங்கதைகளில் பார்வையற்ற பெற்றோர் பலர் உண்டு. தயரதனின் அம்புக்கு மகனைப் பலிகொடுத்த முதியவர்களும் திருதராட்டிரனும் நாம் அறிந்தவர்களே. அவர்களுள் சிலர் பிள்ளையின் பண்பை அளக்கும் கருவியாகவே வந்துபோகிறார்கள். பைபிளின் ஆதியாகமத்தில் கண் மங்கிய ஈசாக்கை, இளைய மகன் யாக்கோபு உடலில் மயிர் அடர்ந்த மூத்தவனைப் போல நடித்து ஏமாற்றி ஆசி பெறும் பகுதி மட்டும் எனக்கு வேறாகப்படுகிறது. குரல் யாக்கோபின் குரல் என்று அந்தத் தந்தைக்குச் சரியாகவே தெரிகிறது. ஆனால் ஆட்டுத்தோல் போர்த்திய கையைத் தடவிப் பார்த்துவிட்டு, காதை விட்டுக் கையை நம்புகிறார். பார்வை போனவர் எதை நம்புவது என்று தனக்குள் வழக்காடும் கணம் அங்கே இருக்கிறது. திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில், மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப்போன தந்தை யஃகூப், மகனின் சட்டை தம் கைக்கு வருவதற்கு முன்பே மகனின் வாசம் தமக்கு வருகிறது என்கிறார். உடனிருப்பவர்கள் நம்பவில்லை. சட்டை முகத்தில் இடப்பட்டதும் பார்வை திரும்புகிறது. பார்வை திரும்பிய அற்புதத்தைக் காட்டிலும், யாரும் நம்பாதபோதும் தாம் உணர்ந்ததை அந்த முதியவர் சொன்னாரே, அதுதான் என் நெஞ்சில் நிற்கிறது.

நம் கவிதைகளில் திரும்பத் திரும்ப வரும் மற்றொரு சொல் "அகக்கண்". புறக்கண் மூடியதும் அகக்கண் திறந்துகொண்டது என்று எழுதுவது ஆறுதலாக இருக்கலாம். அது யாருக்கு ஆறுதல் என்பதே என் கேள்வி. தாம் இழந்ததை இழந்ததாகச் சொல்லும் உரிமை ஒருவருக்கு வேண்டாமா? நம் பக்தி இலக்கியத்திலேயே இதற்கு நேரான சான்று உண்டு. பார்வை இழந்து, ஒரு கண்ணை மட்டும் திரும்பப் பெற்ற சுந்தரர், மற்றொரு கண்ணையும் தாரும் என்று இறைவனிடம் வழக்காடுகிறார். குற்றம் ஒன்றும் செய்யாத என் கண்ணை எடுத்துக்கொண்டீர், பழி உமக்குத்தான் என்கிறார். "மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே" என்று கோபிக்கிறார். அகக்கண்ணே போதும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கண்தான் வேண்டும் என்றார்.

பார்வை போனபின் ஒருவர் கற்றுக்கொள்வது ஞானத்தைவிடக் கைப்பழக்கத்தையே என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். என் தாயார் குவளையில் தண்ணீர் ஊற்றும்போது தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்கிறார். தண்ணீர் ஏற ஏற, விழும் ஓசை மெலிந்து உயர்ந்துகொண்டே போகும். "தண்ணி மேல வர வர அதோட குரல் சின்னப் பிள்ளை குரலா ஆகும், அப்ப நிறுத்திடணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தேன். இரண்டு முறை கீழே கொட்டியது. முழுக்கத் திறந்த கதவாலோ மூடிய கதவாலோ அவருக்குத் துன்பம் இல்லை. பாதி திறந்த கதவுதான் நெற்றியில் இடிக்கிறது. மாலையில் நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் எழுந்து போய், சுவரைத் தடவி, விளக்கைப் போட்டு வைக்கிறார். அந்த விளக்கால் அவருக்குப் பெரிய பயன் இல்லை. கேட்டால், "உனக்குத் தெரிய வேணாமா?" என்கிறார்.

இத்தகைய கவிதைகளை எழுதுவதற்குத் தமிழ் மொழியே கவிஞர்களுக்குத் துணை நிற்கிறது. நாம் ஒரு செயலை முயல்வதை எல்லாம் "பார்" என்ற சொல்லாலேயே சொல்கிறோம். கேட்டுப் பார், தொட்டுப் பார், முகர்ந்து பார், நடந்து பார், நினைத்துப் பார் என்கிறோம். பார்வை இழந்த தாயிடம் "தொட்டுப் பாருங்கள்" என்று சொல்லும் கணத்தில், அந்தப் பழைய துணைவினை மீண்டும் முழு வினையாகிறது. அவர் உண்மையிலேயே தொட்டுத்தான் பார்க்கிறார். அதேபோல நம் சுட்டுச் சொற்கள் எல்லாம் கண்ணை நம்பி நிற்பவை. "அதோ, அங்கே இருக்கிறது" என்று நான் பழக்கத்தில் சொல்லும்போது அம்மா அசையாமல் நிற்பார். அங்கே என்பது அவருக்கு எங்கேயும் இல்லை. "உங்கள் வலக்கைப் பக்கம், ஒரு சாண் தள்ளி, மேசையின் விளிம்பில்" என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. அதோ, இதோ என்ற சொற்கள் இல்லாமல் ஒரு கவிதையை எழுதிப் பார்க்குமாறு எந்தக் கவிஞரையும் கேட்டுக்கொள்வேன். பார்வையற்றவரோடு வாழ்வது என்பது மொழிக்குள் என்ன செய்கிறது என்பது அப்போது புரியும்.

இன்னொன்றும் இக்கவிதைகளில் காணக் கிடைப்பதில்லை: பிள்ளைகளின் பொறுமையின்மை. கவிதையில் வரும் மகனும் மகளும் எப்போதும் கனிவானவர்கள். கையைப் பிடித்து நடத்துகிறார்கள், கண்ணீரைத் துடைக்கிறார்கள். நான் அப்படி இருந்ததில்லை. "சொன்னேனே, கொஞ்சம் பார்த்து நடக்கக் கூடாதா?" என்று பார்வையில்லாதவரிடம் கடிந்து பேசியிருக்கிறேன், சொல்லி முடித்த பிறகே நான் சொன்னது என் காதில் விழுந்தது. ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1652 வாக்கில் முழுதும் பார்வை இழந்தவர். 1667இல் வெளியான அவருடைய பெருங்காவியம் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியது. தமக்குப் பொருள் தெரியாத மொழிகளில் உள்ள நூல்களை அவருடைய மகள்கள் அவருக்கு உரக்க வாசிக்க வேண்டியிருந்தது என்று மில்டனின் சகோதரி மகன் எழுதியிருக்கிறார். தந்தையின் கவிதை நமக்குக் கிடைத்துவிட்டது. புரியாத எழுத்தைப் பக்கம் பக்கமாக வாசித்த அந்தப் பெண்களின் களைப்பும் கசப்பும், ஒருவேளை அன்பும், எந்தக் கவிதையிலும் இல்லை. பெற்றோரின் பார்வையிழப்பு என்பது ஒருவருக்கு மட்டும் நேர்வதில்லை. வீட்டில் உள்ளவர்களின் நேரத்தையும் குரலையும் பொழுதையும் மாற்றிவிடுகிறது. அந்த எரிச்சலையும் அதன்பின் வரும் நாணத்தையும் ஒளிக்காமல் எழுதும் கவிதையை நான் அழுகைக் கவிதைகளைவிடப் பெரிதாக மதிப்பேன்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இப்பொருள் பற்றிய கவிதை தங்கள் மேசைக்கு வரும்போது, அதில் வரும் தாய்க்கோ தந்தைக்கோ முன்னால் அதை உரக்க வாசிக்க முடியுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன். அந்தப் பெற்றோர் அச்சிட்ட பக்கத்தைத் தாமே படிக்க முடியாது. யாரேனும் வாசித்துக் காட்டினால்தான் தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்கமாட்டார்கள் என்ற துணிவில் எழுதப்பட்ட வரிகளைக் கண்டுபிடிப்பது தங்களைப் போன்ற அனுபவமுள்ள ஆசிரியர்களுக்குக் கடினமாக இராது.

மேலும், கவிதைப் பக்கத்தின் ஓர் ஓரத்தையாவது பார்வை இழந்த பெற்றோர் தாமே சொல்லி, பிள்ளைகள் எழுதி அனுப்பும் வரிகளுக்காக அவ்வப்போது ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யாப்பும் அணியும் அவற்றில் இல்லாமல் போகலாம். ஆனால் நேராகப் பார்த்தால் மகன் மறைந்துபோவதையும், தண்ணீரின் குரல் பிள்ளைக்குரல் ஆவதையும் அவர்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவது நமக்குப் புதிது அன்று. பார்வையற்ற புலவரான அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பாடல்கள் அப்படித்தானே ஏட்டில் ஏறியிருக்கும்? வாயால் சொல்லிக் காதால் காப்பாற்றிய இலக்கியம் நம்முடையது. எழுதியவர் பெயரோடு சொன்னவர் பெயரையும் சேர்த்து, சொன்னவர் பெயரை முதலில் அச்சிட்டால் நன்றாக இருக்கும்.

இக்கடிதத்தை அனுப்புவதற்கு முன் அம்மாவுக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். கதவு நிலையைப் பற்றிய பகுதியில் என்னை நிறுத்தி, நான் மூன்று நாள் மறுத்ததாகவும், கடிதத்தில் இரண்டு நாள் என்று குறைத்து எழுதியிருப்பதாகவும் சொன்னார். அதைத் திருத்த வேண்டாம், போகட்டும் என்றும் அவரே சொன்னார். ஆனால் முதற்பத்தியில் ஒரு திருத்தத்தை விடாமல் கேட்டு வாங்கினார். "பார்வையை முற்றிலும் இழந்துவிட்ட" என்று நான் எழுதியிருந்தேன். சன்னல் பக்கம் வெளிச்சம் வருவது தமக்கு இன்னும் தெரிகிறது என்றும், காலையில் அது எந்தப் பக்கம் விழுகிறது, எப்போது நகர்கிறது என்பதைத் தாம் தினமும் பார்ப்பதாகவும், அதை இல்லை என்று பத்திரிகையில் எழுதக் கூடாது என்றும் சொன்னார். மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஞாயிறு இணைப்பின் வாசகர் இருவர். ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் கேட்கிறார்